பிஸ்கட் பேணிக்குள் போன அட்டை

செல்வரட்ணத்தாரின் விளம்பரம் தமிழ்ப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் அரைவாசியைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தது. கோட்டும் கழுத்துப்பட்டியுமாக அவர் சிரித்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு பெரிய வீடு. அது யாருடைய வீடு என்று எவரும் கேட்டதில்லை. "வீட்டிலிருந்தே கம்பியூட்டரில் படித்து வீடு விற்கும் முகவர் ஆகுங்கள். ஒரே கட்டணம். மறைவான செலவு எதுவும் கிடையாது" என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மறைவான செலவு இல்லை என்று ஒரு மனிசன் கேளாமலே சொன்னால், அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நின்று யோசிக்கிற நிலைமையில் கோணேஸ்வரி இருக்கவில்லை.

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. கனடாவில், மோர்னிங்சைட் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் அவளும் புருஷன் இராசதுரையும் மகள் மிதுஷாவும் குடியிருந்தார்கள். இராசதுரை ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கி, ஒருநாள் தூக்கிய பெட்டியோடேயே விழுந்து, இடுப்பு நாரி பிடித்து, அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இருந்தால் கொஞ்ச நேரம் படுக்க வேண்டிய ஆளாகிவிட்டார். கோணேஸ்வரி பாண் சுடுகிற தொழிற்சாலை ஒன்றில் பொதி கட்டினாள். அந்தத் தொழிற்சாலையையும் மூடப்போகிறார்கள் என்று கதை அடிபட்டது. இந்த நாட்டில் வேலை கூடப்போகிறது என்று கதை அடிபட்டால் நடக்காது, மூடப்போகிறார்கள் என்று அடிபட்டால் கட்டாயம் நடக்கும்.

அவளிடம் ஒரு கெட்டித்தனம் இருந்தது. சொந்தக்காரர் வாங்குவதற்கு வீடு பார்க்கப் போனால் "கோணேஸையும் ஏத்திக்கொண்டு போவம்" என்பார்கள். அவள் போய் மேல்மாடி, குசினி ஒன்றையும் பார்க்க மாட்டாள். நேரே நிலக்கீழ் அறைக்கு இறங்கி, மூலையில் நின்று மூக்கை ஒருதரம் சுளிப்பாள். "இந்தச் சுவருக்குப் பின்னாலை தண்ணி நிக்குது" என்பாள். வீடு காட்டுகிற முகவருக்கு முகம் கறுத்துவிடும். இப்படி அவள் மூக்கால் தப்பின குடும்பங்கள் அஜக்ஸ் வரைக்கும் இருந்தன. தப்பினவர்கள்தான் அவளை உசுப்பிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் சும்மா வீடு பார்த்துக் குடுக்கிறாய், அதையே தொழிலாகச் செய்தால் என்ன என்று. அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. மாதாமாதம் கட்டிவந்த சீட்டுக் காசை எடுத்துக் கொண்டுபோய் ஒரே கட்டணத்தைக் கட்டினாள்.

ஒரே கட்டணம் என்பது வகுப்புக்கு மட்டும் என்பது முதல் கிழமையிலேயே தெரிந்தது. புத்தகத்துக்குப் புறம்பாகக் கேட்டார்கள். "புத்தகம் எங்கடை இல்லைத் தங்கச்சி, அது அவையின்ரை" என்றார் செல்வரட்ணத்தார். கம்பியூட்டரில் படிக்கிற பாடத்தைத் திறக்க ஒரு கடவுச்சொல் வேண்டும், அதற்கும் காசு. "தளம் அவையின்ரை எல்லோ." வினாத்தாள் மாதிரி வேண்டுமென்றால் அதற்கு வேறு. சோதனைக் கட்டணம் வேறு. எல்லாமே 'அவை'க்கு, அதாவது மேலே இருக்கிற அவர்களுக்குத்தான் போனது. அந்த 'அவை' யார், எங்கே இருக்கிறார்கள், இவ்வளவு காசையும் வாங்கி என்ன செய்கிறார்கள் என்பதை ஒருவரும் கண்டதில்லை. செல்வரட்ணத்தார் ஊரில் சண்டை தொடங்க முந்தியே, எழுபத்துநாலில் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஒருத்தர் சோலி சுரட்டுக்கும் போகாத மனிசன் மாதிரித்தான் கதைப்பார். கோபம் வராது. தங்கச்சி, தங்கச்சி என்று சொல்லிச் சொல்லியே வாங்கிவிடுவார்.

கோணேஸ்வரி படித்தாள். வேலையால் வந்து, சோறு வைத்துவிட்டு, பழைய கம்பியூட்டரைத் தொலைபேசிக் கம்பியில் கொளுவி, அது கீச்சுக்கீச்சென்று கத்தி முடியுமட்டும் காத்திருந்து படித்தாள். அவள் படிக்கிற நேரமெல்லாம் வீட்டுக்கு ஒருவரும் போன் எடுக்க முடியாது. இராசதுரை படுத்தபடியே புத்தகத்தை நெஞ்சில் நிறுத்திக் கேள்வி கேட்பார். அவள் வெங்காயம் வெட்டியபடி பதில் சொல்லுவாள். அடைமானம், எல்லைத் தகராறு, பக்கத்து வீட்டுக்காரன் நடந்துபோகிற உரிமை எல்லாம் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. வீட்டிலிருந்து எழுதி அனுப்புகிற தாள்கள் இரண்டிலும் நல்ல புள்ளி. மிஞ்சியது கடைசிச் சோதனை மட்டும். அதை நேரில் போய் எழுதவேண்டும். படம் உள்ள அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும். நூற்றுக்கு எழுபத்தைந்து எடுக்க வேண்டும். இடையில் மண்டபத்தை விட்டு வெளியே வந்தால் அந்தத் தரம் எழுதினதாகவே கணக்கு. மூன்று தரம் எழுதலாம். மூன்றும் போனால் முதலாம் பாடத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும், திரும்ப எல்லாக் காசும் கட்ட வேண்டும். அதற்கு அவளிடம் இன்னொரு சீட்டு இல்லை.

மண்டபம் என்றால் மண்டபமும் இல்லை. மில்லிக்கனில் ஒரு பிளாசா. கீழே நகைக்கடையும் கொத்துரொட்டிக் கடையும். மேலே செல்வரட்ணத்தாரின் அலுவலகம், அவருடைய கந்தோர். அதில் பெரிய அறையில் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டுச் சோதனை நடத்துவார். 'அவை' அனுப்பிய வெள்ளைக்கார அம்மா ஒருத்தி முத்திரையிட்ட உறையோடு வந்து முன்மேசையில் இருப்பாள். முதல்தரம் கோணேஸ்வரி போனது கோடை முடிகிற நேரம். பென்சில் கூராக்கி, நெற்றியில் விபூதி பூசி, நேரத்துக்கு முந்தியே போய் இருந்தாள். பயம் இருந்ததுதான். எல்லாருக்கும் இருக்கிற சோதனைப் பயம்.

அப்போது கந்தோரில் வேலை செய்கிற யூஜினி என்ற பெட்டை ஒரு நீல நிறத் தகரப் பிஸ்கட் பேணியோடு வரிசை வரிசையாக வந்தாள்.

"ஐ.டி.யை இதுக்குள்ளை போடுங்கோ அக்கா. முடியப் பேர் கூப்பிடுவம், அப்ப வந்து எடுக்கலாம்."

கோணேஸ்வரி தன் ட்ரைவிங் லைசென்சை எடுத்துப் போட்டாள். அது மற்ற அட்டைகளுக்கு மேல் விழுந்தது. யூஜினி மூடியைப் போட்டு அமத்தி, பேணியை முன்மேசைக்குக் கொண்டுபோனாள். பேர் கூப்பிடுவம் என்று அந்தப் பிள்ளை சும்மாதான் சொன்னது. கோணேஸ்வரிக்கு உள்ளங்கால் குளிர்ந்துவிட்டது.

எட்டு வருஷத்துக்கு முன்னம், திருகோணமலைக்கு வடக்கே அவளுடைய ஊரில், ஒரு விடியற்காலை ஆமி வந்து சுற்றி வளைத்தது. எல்லாரையும் பள்ளிக்கூட வளவுக்குள் கொண்டுபோய் வெயிலில் இருத்தினார்கள். அடையாள அட்டைகளை வாங்கி ஒரு சாக்குக்குள் போட்டார்கள். பிறகு ஒருத்தன் சாக்குக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பேர் கூப்பிட்டான். பேர் வந்தவர்கள் எழும்பிப் போய் அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். கோணேஸ்வரியின் பேர் வந்தது. அம்மாவின் பேர் வந்தது. அவர்கள் போகாமல் கேற்றடியில் நின்றார்கள், தம்பி அன்புராசாவின் பேர் இன்னும் வரவில்லை. பொழுது சாயப்போகிற நேரம் கூப்பிடுகிறவன் நிறுத்தினான். சாக்குக்குள் இன்னும் அட்டைகள் கிடந்தன. அவள் கண்ணால் கண்டாள். அவன் சாக்கின் வாயைச் சுருக்கிக் கட்டினான். பேர் வராத பெடியன்களை ட்றக்கில் ஏற்றினார்கள். அன்புராசா ஏறும்போது தமக்கையைப் பார்த்து, ஒன்றுமில்லை, போ போ என்று கையைக் காட்டினான்.

பிறகு முகாம் முகாமாக அலைந்தார்கள். ஒரு முகாமில் மேசைக்குப் பின்னால் இருந்தவன் அடையாள அட்டை எங்கே என்று கேட்டான். அது உங்களிடம்தான் இருக்கிறது ஐயா என்று அம்மா சொன்னார். அட்டை இல்லாமல் அப்படி ஒரு ஆள் இருந்ததுக்கு என்ன சாட்சி என்று அவன் கேட்டான். அம்மாவிடம் பதில் இல்லை. கோணேஸ்வரியிடமும் இல்லை. இந்த நிமிஷம் வரைக்கும் இல்லை.

சோதனைத்தாள் முன்னால் கிடந்தது. அடைமானம் என்ற சொல்லை வாசித்தாள். திரும்ப வாசித்தாள். எழுத்து தெரிந்தது, பொருள் தெரியவில்லை. கண் தாளில் நிற்கவில்லை, பேணியில் நின்றது. மூடி திறந்திருக்கிறதா? யாராவது அதைத் தொடுகிறார்களா? வெள்ளைக்கார அம்மா தன் தேநீர்க் குவளையை அதற்குப் பக்கத்தில் வைத்தபோது கோணேஸ்வரி கதிரையை விட்டு அரைவாசி எழும்பிவிட்டாள். இது கனடா, இது கொத்துரொட்டிக் கடைக்கு மேல்மாடி என்று தனக்குத்தானே சொன்னாள். சொன்னது மூளைக்குக் கேட்டது, வயிற்றுக்குக் கேட்கவில்லை. நேரம் முடிந்தது.

அதற்குப் பிறகுதான் பேணியின் மர்மம் வெளித்தது. செல்வரட்ணத்தார் முன்மேசையில் வந்திருந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். போனவர்கள் 'மண்டபக் காசு' என்று ஒன்று கட்டினால்தான் அட்டை கையில் வந்தது. அந்தக் காசைப் பற்றி விளம்பரத்திலும் இல்லை, சேரும்போது வாயாலும் சொல்லவில்லை. முந்தி ஒரு சிலர் அதைக் கட்டாமல் நழுவிப் போய்விட்டார்களாம். நம்மட ஆட்களிடம் மூஞ்சிக்கு நேரே காசு கேட்க அவருக்குக் கூச்சமாம். அதனால் அட்டையை அடகு பிடிக்கிற இந்த வழியைக் கண்டுபிடித்திருந்தார். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் எப்படியெல்லாம் யோசிக்கிறார்கள் பாருங்கள். கையில் காசில்லாத ஒருத்தர் வங்கி மெஷினுக்கு ஓடினார், அவருடைய அட்டை பேணிக்குள் கிடந்தது. கோணேஸ்வரியின் பேர் கடைசிக்குக் கிட்டத்தான் வந்தது. அதற்குள் அவள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. என்ன காசு, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கட்டி, அட்டையைப் பிடுங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு வந்தாள். சோதனை தவறிப்போனது என்று கடிதம் வந்தபோது அவளுக்கு அதிசயமாக இருக்கவில்லை.

இரண்டாம் தரம் இலையுதிர்காலத்தில். இந்தமுறை தனக்குப் பேணி என்னவென்று தெரியும், பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தாள். ஆறுதலுக்கு லைசென்சைப் பிரதி எடுத்து மடித்து மார்போடு செருகிக்கொண்டு போனாள். அட்டையைப் போட்டாள். எழுதவும் தொடங்கிவிட்டாள். முதல் பக்கம் நன்றாகவே போனது. அந்த நேரம் பின்னறையில் தொலைபேசி அடிக்க, யூஜினி பேணியையும் கையோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கதவு சாத்தின பிறகு நடந்தது கோணேஸ்வரிக்கு ஒழுங்காக ஞாபகம் இல்லை. தான் எழும்பினது தெரியும். பின்னறைக் கதவைத் தட்டினது தெரியும். "என்ரை அட்டையைத் தா பிள்ளை" என்று கேட்டது தெரியும். பிறகு பார்த்தால் கீழே வாகனத் தரிப்பிடத்தில் மேலங்கி இல்லாமல் குளிருக்குள் நிற்கிறாள், கைக்குள் லைசென்ஸ். அட்டையின் விளிம்பு உள்ளங்கையில் வெட்டி இருந்தது. வெளியே வந்தால் எழுதினதாகக் கணக்கு. இரண்டாவதும் போயிற்று.

வீட்டில் இராசதுரை விடவில்லை.

"நீர் படிக்கிறதை நான் கண்ணாலை பாத்துக்கொண்டு கிடக்கிறன். எதைக் கேட்டாலும் டக்கெண்டு சொல்லுறீர். அங்கை போய் என்னதான் நடக்குது உமக்கு?"

"தெரியாதப்பா."

"இங்கிலீசு விளங்கேல்லையோ?"

"எல்லாம் விளங்குது."

"அப்ப?"

அவள் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினாள். தம்பி காணாமல் போனது அவருக்குத் தெரியும். சாக்குக் கதையை அவள் அவருக்குச் சொன்னதில்லை, எவருக்குமே சொன்னதில்லை. குண்டுக்குப் பயந்தேன் என்றால் சனம் விளங்கிக்கொள்ளும். இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து, பிஸ்கட் பேணிக்குப் பயப்படுகிறேன் என்று எந்த வாயால் சொல்லுவது?

மார்கழியில் தொழிற்சாலையை மூடுகிற அறிவித்தல் வந்தது. அதே கிழமை செல்வரட்ணத்தார் போன் எடுத்தார்.

"தங்கச்சி, உங்களுக்கு இன்னும் ஒரு தரம்தான் கிடக்கு. அதையும் தை முடியிறதுக்குள்ளை எழுதவேணும். இல்லாட்டி பழையபடி முதலிலையிருந்து."

"அண்ணை, அந்த ஐ.டி.யை வாங்கி வைக்கிறதை..."

"அது சட்டம் தங்கச்சி. அவையின்ரை சட்டம்."

அவள் போனை வைத்தாள். அன்றிலிருந்து பயம் அவளோடு கூடவே வேலைக்குப் போய் வந்தது. வங்கியில் காசாளர் அட்டையைக் கேட்டால் கை தானாக இறுகியது. மிதுஷாவின் பள்ளிக்கூட அட்டையை ஒருநாள் காணவில்லை என்று பிள்ளை சொன்னபோது, வீட்டைத் தலைகீழாகப் புரட்டி, பிள்ளையை ஏசி, அது சப்பாத்துக்குள் இருந்து கிடைத்த பிறகும் அழுதாள். மூன்றாவதும் போனால் வாடகைக்கு என்ன வழி என்று யோசித்தால் பயம். மூன்றாம்முறை எழுதப்போக வேண்டும் என்று யோசித்தால் அதைவிடப் பயம்.

தை மாதம் அந்த நாள் வந்தபோது வெளியே பனி கொட்டியது. இராசதுரை நாரிக்குத் தலையணை ஒன்றை அண்டைகொடுத்துத் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். பிளாசாவுக்குள் விட்டு நிற்பாட்டினார். கோணேஸ்வரி இறங்கவில்லை. கண்ணாடியைத் துடைக்கிற தடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். சாக்கு, கேற்றடி, கட்டின வாய், பேணி, பின்னறைக் கதவு. சொல்லி முடித்துவிட்டு, அவர் சிரிப்பார் என்று காத்திருந்தாள்.

இராசதுரை சிரிக்கவில்லை. "பொலிஸ்காரன் மறிச்சு லைசென்ஸை வாங்கிக்கொண்டு தன்ரை காருக்குப் போவான் எல்லோ. அவன் திரும்பி வருமட்டும் நான் மூச்சு விடுறேல்லை. உமக்குத் தெரியுமோ?" என்றார்.

அவளுக்குத் தெரியாது. பக்கத்து இருக்கையில் இருந்தும் அவள் அதைக் கவனித்ததே இல்லை.

"அட்டையைக் குடாதையும்" என்றார் அவர்.

"குடாட்டி எழுத விடமாட்டினம். இதுதான் கடைசி."

"விடாட்டி வாரும், வீட்டை போவம். பிறகு பாப்பம்."

பிறகு பார்க்க ஒன்றுமில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் இறங்கிப் படியேறினாள். கொத்துரொட்டிச் சத்தம் கீழே தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படியிலும், பேசாமல் போட்டுவிடலாம், கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாம் என்றே நினைத்தாள்.

யூஜினி பேணியோடு வந்தாள். முன்வரிசைக்காரர் எல்லாரும் போட்டுவிட்டார்கள். கோணேஸ்வரி லைசென்சை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்திருந்தாள்.

"ஐ.டி. அக்கா."

"நான் காட்டுறன். தரமாட்டன்."

யூஜினிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. செல்வரட்ணத்தார் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார். முன்மேசையில் வெள்ளைக்கார அம்மா தலையை நிமிர்த்தினாள்.

"என்ன தங்கச்சி? எல்லாரும் தந்திட்டினம். நேரம் போகுது."

"பாருங்கோ அண்ணை, என்ரை முகம்தான். கையிலை மட்டும் தரமாட்டன்."

"நான் என்ன திண்டே போடப்போறன்? முடியத் தருவன்தானே. எத்தினை தரம் தந்திருக்கிறன்."

அவள் கதிரையில் பின்னுக்குத் தள்ளி இருந்தாள். கதிரையின் பிளாஸ்டிக் அதோடு சேர்ந்து கிறீச்சிட்டது, அறை முழுக்கக் கேட்டிருக்கும். எழும்பி ஓடிவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. ஓடினால் கதை முடிந்தது. அவள் ஓடவில்லை. ஓடுகிற பயத்தைவிட இருக்கிற பயம் பெரிசு, அப்படியும் கதிரையிலேயே இருந்தாள்.

"என்ரை தம்பியின்ரையும் இப்பிடித்தான் வாங்கினவங்கள், அண்ணை" என்றாள். "முடியப் பேர் கூப்பிடுவம் எண்டுதான் சொன்னவங்கள். கூப்பிடேல்லை. சாக்கைக் கட்டிக்கொண்டு போயிட்டாங்கள்."

செல்வரட்ணத்தார் பேணியை ஒருதரம் பார்த்தார்.

"நீங்கள் எழுபத்துநாலிலை வந்தனீங்கள். உங்களிலை நான் பிழை சொல்லேல்லை. உங்களுக்கு உது தெரியாது. இஞ்சை இருக்கிற மற்ற ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ."

அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் வரவில்லை. முன்வரிசையில் தியாகலிங்கம் என்று ஒருத்தர் இருந்தார். ஐம்பது வயசு தாண்டின மனிசன், யாழ்ப்பாணத்தில் நெசவாலை மேலாளராக இருந்து இங்கே கட்டடம் துடைக்கிறவர். அவர் எழும்பி, யூஜினிக்கு முன்னால் போய்க் கையை நீட்டினார்.

"பிள்ளை, என்ரையையும் எடுத்துத் தா. எனக்கும் உது சரிவரேல்லை. ஒவ்வொருக்காலும் பேணியைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான். சோதனைப் பயமாக்கும் எண்டு இருந்திட்டன்."

பிறகு இன்னொருத்தி எழும்பினாள். பிறகு இன்னொருத்தன். ஒருவரும் சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. வந்து, பேணிக்குள் கையை விட்டு, தன் முகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போய் இருந்தார்கள்.

வெள்ளைக்கார அம்மாவுக்கு என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை. இந்தப் பெட்டி எதற்கு என்று செல்வரட்ணத்தாரைக் கேட்டாள். மண்டபக் கட்டணம் என்று அவர் மெல்லச் சொன்னார். எந்த மண்டபக் கட்டணம் என்று அவள் திரும்பக் கேட்டாள். அதற்கான வாடகையைத்தான் எங்கள் அலுவலகம் உங்களுக்குத் தருகிறதே என்றாள். அப்போதுதான் அந்த அறையில் இருந்தவர்கள் முதல்முறையாக 'அவை'யில் ஒருத்தியைக் கண்ணால் கண்டார்கள். அடையாள அட்டை மேசையில் உங்கள் முன்னால்தான் இருக்க வேண்டும், நான் வந்து பார்ப்பேன், அதுதான் விதி, எப்போதும் அதுதான் விதி என்று அவள் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள். தேநீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இத்தனை தரமும் நீ ஏன் அந்தப் பேணியைப் பற்றிக் கேட்கவில்லை என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கோணேஸ்வரி அட்டையைத் தாளின் மேல்மூலையில் வைத்தாள். இடது உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு வலது கையால் எழுதினாள். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இருந்தது. ஆனால் கைக்குக் கீழே இருந்தது, அதனால் எழுத முடிந்தது. மூன்றாம் பக்கத்தில் இருக்கும்போது வெள்ளைக்கார அம்மா அவளடிக்கு வந்து நின்றாள். கோணேஸ்வரி கையை எடுத்தாள். எடுக்கத்தான் வேண்டும். அந்த அம்மா லைசென்சைத் தூக்கி, படத்தைப் பார்த்தாள். கோணேஸ்வரியைப் பார்த்தாள். திரும்பப் படத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூட வளவு முழுவதும் அந்த இடைவெளிக்குள் வந்து போனது. பிறகு அவள் அட்டையைத் தூக்கின இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள். கோணேஸ்வரிக்குக் கண்ணீர் பொலபொலவென்று தாளில் விழுந்தது. சட்டைக் கையால் ஒற்றிவிட்டு, அடுத்த கேள்வியை வாசித்தாள். நிலக்கீழ் அறையில் ஈரம் இருப்பதைத் தெரிந்துகொண்டே மறைத்து விற்றால் யார் பொறுப்பு என்று கேட்டிருந்தார்கள்.

அவள் சோதனையில் சித்தியடைந்தாள். தாராளமாகவே சித்தியடைந்தாள். சித்தியடைந்த பிறகு பதிவுக் கட்டணம், சங்கக் கட்டணம், காப்புறுதி என்று ஒவ்வொன்றாக வந்த கதையையும், இராசதுரை ஒவ்வொரு கடிதத்தையும் உடைத்துவிட்டு "அவை வந்திட்டினம்" என்று படுத்தபடி அறிவித்த கதையையும் சொல்லப்போனால் இன்னொரு பொழுது வேண்டும். செல்வரட்ணத்தார் அதற்குப் பிறகு காசை மூஞ்சிக்கு நேரேயே கேட்கப் பழகிக்கொண்டார். பாதிப்பேர் கட்டவில்லை என்று கேள்வி.

ஆனால் அன்றைக்குச் சோதனை முடிந்ததும் நடந்த ஒன்று மிச்சம் இருக்கிறது.

தாள்களை வாங்கிக்கொண்டு வெள்ளைக்கார அம்மா போய்விட்டாள். ஒருவர் பேரையும் கூப்பிடவில்லை. எல்லாரும் தங்கள் பாட்டில் மேலங்கியைக் கொளுவிக்கொண்டு இறங்கிப் போனார்கள். கோணேஸ்வரி மட்டும் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தாள். யூஜினி விளக்கை அணைக்க வந்தாள்.

"முடிஞ்சுது அக்கா. நீங்கள் போகலாம். ஐ.டி. உங்களிட்டைத்தானே இருக்கு?"

"ஓம், இருக்கு." அவள் கையை விரித்துக் காட்டினாள். "அந்தப் பேணியை ஒருக்காத் திறந்து காட்டு, பிள்ளை."

"அதுக்குள்ளை ஒண்டும் இல்லையக்கா."

"தெரியும். ஒருக்காத் திற."

யூஜினி பேணியைக் கொண்டுவந்து மூடியைக் கழற்றி நீட்டினாள். கோணேஸ்வரி எழும்பி வந்து உள்ளே பார்த்தாள். கையை விட்டு அடியைத் தடவினாள், விளிம்பைச் சுற்றித் தடவினாள். ஒருவருடைய அட்டையும் மிஞ்சிக் கிடக்கவில்லை.

"எல்லாரும் வீட்டை போயிட்டினம், என்ன?" என்று கேட்டாள்.

"ஓம் அக்கா. எல்லாரும் போயிட்டினம்."

அவள் மூடியைத் தானே போட்டு அமத்திவிட்டு, இராசதுரை காத்துக்கொண்டிருந்த கீழ்த்தரிப்பிடத்துக்குப் படியிறங்கினாள்.